டினேஸ் கேட்டுப்போன கதை

எங்கள் வீட்டுக்கும் சுபாஸ் வீட்டுக்கும் இடையில் நிற்பது ஒரு தகரவேலி. யாழ்ப்பாணத்துக் கரையோரக் குருநகரில் தகரவேலி கண்ணுக்கு மட்டும்தான் மறைப்பு. காதுக்கு இல்லை. என் அடுப்படி அந்த வேலியோடு ஒட்டினபடி இருக்கிறது. பின்னேரம் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பது என் தொழில். மத்தியானம் சாப்பிட்ட கையோடு மா குழைக்கக் குந்தினால், பொழுதுபடத்தான் எழும்புவேன். அவ்வளவு நேரமும் அந்த வீட்டில் யார் வந்தார்கள், யார் போனார்கள், சொதிக்கு உப்புக் கூடியதா குறைந்ததா என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஒட்டுக்கேட்கிறாள் மேர்சி என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். இரண்டு கையும் இடியப்ப உரலைப் பிழிந்துகொண்டிருக்கும்போது காதைப் பொத்த எனக்கு மூன்றாவது கை இல்லை.

சுபாஸ் கடலட்டைக்குச் சுழியோடியவன். சோளகக் காற்று விழுந்து, கடல் அடங்கித் தண்ணீர் தெளிந்துவிட்டால் எங்கள் தெருப் பெடியள் பாதிப்பேர் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில்தான் கிடப்பார்கள். அந்த அட்டையை இங்கே ஒருவரும் வாயில் வைப்பதில்லை. அவித்துக் காயவைத்து எங்கேயோ சீனாவுக்குப் போகிறதாம். யாரோ ஒரு சீனாக்காரன் சூப்புக் குடிக்க, எங்கள் பிள்ளைகள் அடியில் போய்த் தடவுகிறார்கள். எனக்கு இதை நினைத்தால் பத்திக்கொண்டு வரும்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் சுபாஸைப் படகில் கிடத்தித்தான் கரைக்குக் கொண்டுவந்தார்கள். இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. கிள்ளினாலும் தெரியவில்லை, சுடுதண்ணீர் பட்டாலும் தெரியவில்லை. இரத்தத்துக்குள் காற்றுக்குமிழி ஏறிவிட்டது என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். கரையில் அதற்கு இவ்வளவு விளக்கம் கிடையாது. ‘அடிச்சுப்போட்டுது’ என்பார்கள், அவ்வளவுதான். சடாரென்று மேலே வந்திருப்பான், அதுதான் அடித்தது என்று எல்லோரும் ஒரே முடிவாகச் சொன்னார்கள். சுபாஸ் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த புதிதில் படகுக்காரர் எல்லோரும் வந்து பார்த்தார்கள். படகுச் சொந்தக்காரர், சம்மாட்டி நீக்கிலாப்பிள்ளை ஒரு பெட்டி மால்ற்றும் தோடம்பழமும் கொண்டுவந்தார். வந்தவர்கள் வேறு எதைக் கதைப்பது? எந்தப் பக்கம் தண்ணீர் தெளிவு, எந்தத் திட்டில் அட்டை கிடக்கிறது, எவனுடைய எஞ்சின் நடுக்கடலில் நின்றது என்று கடலைத்தான் கதைத்தார்கள். அவர்கள் எழும்பிப் போனதும் சுபாஸ் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவான். சாப்பாடு காய்ந்துபோய்க் கிடக்கும்.

அவனுடைய மனிசி ஸ்ரெல்லா நண்டுக் கொம்பனியில் வேலை. அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்கிற வேலை. விரலெல்லாம் ஓடு கிழித்த கோடுகள். ஒருநாள் வேலைக்குப் போகுமுன் தண்ணீர்ப் போத்தலை அவன் தலைமாட்டில் வைத்திருக்கிறாள். “உதுக்குப் பதிலா எலிமருந்தை வைச்சிட்டுப் போவன்” என்றிருக்கிறான். பகிடி மாதிரித்தான் சொன்னானாம். அவள் வேலைக்குப் போகாமல் என் அடுப்படிக்கு வந்து, மாச்சுளகுக்குப் பக்கத்தில் இருந்து அழுதாள். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. ஒரு பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தேன்.

அன்று பின்னேரமே அவள் வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டாள். இனி இந்த வீட்டுக்குள் கடலைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கக்கூடாது. கதைக்கிறதென்றால் தெருப்படலையோடு நின்று கதைத்துவிட்டுப் போகலாம். நீக்கிலாப்பிள்ளைக்கே அதை முகத்துக்கு நேரே சொன்னாள். மனுசன் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். பிறகென்ன, வருகிறவர்கள் குறைந்தார்கள். கடலை எடுத்துவிட்டால் எங்கள் ஆம்பிளைகளிடம் கதைக்க ஒன்றும் மிஞ்சாது.

அந்த இடத்தை நிரப்பத்தான் ஸ்ரெல்லா புத்தகம் கொண்டுவரத் தொடங்கினாள். வேலை முடிந்து வரும் வழியில் சைக்கிளை நிறுத்தி நூலகத்தில் அங்கத்தவராகச் சேர்ந்தாள். அவளுக்குப் புத்தகத்தைப் பற்றி என்ன தெரியும்? அங்கே இருந்த பிள்ளையிடம், தடித்த புத்தகமாகப் பார்த்துத் தாங்கோ, கனநாளைக்குக் காணவேணும் என்று கேட்டாளாம். அரிசி வாங்குகிற மாதிரி. முதல் புத்தகத்தை அவன் தூக்கிச் சுவரில் எறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவள் எடுத்துத் தட்டித் திரும்பவும் தலைமாட்டில் வைத்தாள்.

மாரி மழைதான் அவனை வாசிக்க வைத்தது. ஒரு கிழமை விடாமல் பெய்தது. தகரத்தில் விழுகிற சத்தத்தில் றேடியோவும் கேட்காது, ஃபோனுக்கும் சார்ஜ் இல்லை. நான்கு நாளாகச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவன் ஐந்தாம் நாள் புத்தகத்தைத் திறந்திருக்கிறான். பிறகு ஒரு மத்தியானம் வேலிக்கு அந்தப்பக்கம் அவன் தனியாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் பயந்துபோனேன். மூளை பிசகிவிட்டதோ என்று கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தால், புத்தகத்தை நெஞ்சில் கவிழ்த்துவைத்துக்கொண்டு, “இல்லை அக்கா, இதுக்குள்ளை ஒரு மனுசன், செத்தமாதிரி நடிச்சு ஆர் ஆர் அழுகினம் எண்டு பாக்கிறான்” என்றான். அவன் முகத்தை அப்படிப் பார்த்துக் கனகாலம்.

டினேஸ் மட்டும் வருவதை நிறுத்தவே இல்லை. சுபாஸும் அவனும் ஒரே படகில் சோடியாகச் சுழியோடியவர்கள். ஒருவன் போகிற பக்கம் மற்றவனும் போவான். கடலால் வந்து, குளித்து, சவர்க்கார வாசத்தோடு பின்னேரம் வந்து கட்டிலடிக் கதிரையில் குந்துவான். சட்டத்துக்குப் பயந்து முதலில் வாயே திறக்கமாட்டான். இரண்டு பேரும் இரண்டு ஊமைகள் மாதிரி இருப்பார்கள். கடைசியில் ஒருநாள், வேறு வழியில்லாமல், தலைமாட்டில் கிடந்ததைக் காட்டி, இப்ப என்ன வாசிக்கிறாய் என்று கேட்டான். அப்படித்தான் அது தொடங்கியது.

சுபாஸ் சொல்லுவதைக் கேட்கவேண்டும். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் கதையை எங்கே இழுக்கவேண்டும், எங்கே விடவேண்டும் என்பது அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்தது. வெள்ளைக்காரன் ஊர்க் கதையாக இருந்தாலும் ஆட்களை எங்கள் தெருவில் கொண்டுவந்து நடக்கவிடுவான். “அவள்டை தாய்க்காரி எங்கடை ஐஸ்கொம்பனிச் சந்தி மனிசி மாதிரி, வாயிலை பூட்டில்லை” என்றால் போதும், ஆள் கண்ணுக்கு முன்னே நிற்கும். ஸ்ரெல்லா தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்பாள். எனக்கு எத்தனை தரம் பானைத் தண்ணீர் வற்றி அடிப்பிடித்தது. ஒருநாள் கடைக்காரன் ஃபோன் எடுத்து, என்ன அக்கா இடியப்பம் இன்னும் வரவில்லை என்று ஏசினான். ஒரு கப்பல்காரனின் மகளுக்குக் கலியாணம் சரிவருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவனிடம் சொல்லமுடியுமா?

டினேஸ் கேட்ட கதையை அடுத்தநாள் படகில் சொல்லத் தொடங்கினான். திட்டுக்குப் போய்ச்சேரும் வரை மற்றவர்களுக்குப் பொழுது போனது. பிறகு அவர்களும் ஒவ்வொன்று கேட்டுவிட்டார்கள். அந்தப் பெட்டை ஏன் ஓடிப்போகவில்லை, கேட்டு வா. அந்தக் கிழவன் உண்மையிலேயே குருடனா, கேட்டு வா. நீக்கிலாப்பிள்ளைகூட ஒருநாள் படலையோடு நின்று, அந்த நகைக்கடைக் களவு என்ன மாதிரி முடிந்தது என்று குரல் கொடுத்துவிட்டுப் போனார். கொஞ்சநாளில் டினேஸும் வாசிக்கத் தொடங்கினான். மெல்லிய புத்தகமாகப் பார்த்துத் தா என்று வாங்கிக்கொண்டு போனான். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். ஷொப்பிங் பையில் சுற்றிப் படகுக்கும் கொண்டுபோய், உப்புத் தண்ணீரில் தாள்கள் பொருமிப்போய் வரும். நூலகத்தில் ஸ்ரெல்லாதான் பேச்சு வாங்கினாள். பெடியள் அவனுக்குப் ‘புலவர்’ என்று பட்டம் வைத்தார்கள். அவன் மனிசி றொசாந்தி என்னிடம் இடியப்பம் வாங்க வரும்போது, வீட்டில் விளக்குமாறு எடுத்துக் கொடுக்காத மனுசன் இப்போது புத்தகத்துக்கு உறை போடுகிறார் அக்கா என்று சொல்லிச் சிரிப்பாள்.

ஆனபடியால் நான் சொல்லவேண்டியது இதுதான். அந்தக் கதிரையில் டினேஸ் வந்து குந்துகிற ஒரு மணித்தியாலத்துக்காகத்தான் சுபாஸ் மிச்சப் பொழுதெல்லாம் உயிரோடு கிடந்தான். பகல் முழுக்க வாசிப்பது பின்னேரம் சொல்வதற்கு. முதுகில் படுக்கைப்புண் வந்து மணக்கத் தொடங்கிய நாட்களிலும், ஸ்ரெல்லா பஞ்சால் துடைக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு, டினேஸ் வந்திட்டானோ, டினேஸ் வந்திட்டானோ என்றுதான் கேட்பான்.

இந்த வருடம் சோளகம் விழுந்த கையோடு ஒரு புத்தகம் பிடித்தான். பனி கொட்டுகிற ஊர். அங்கே ஒரு விதவை பேக்கரி நடத்துகிறாள். புருசனின் தம்பி பட்டாளத்தை விட்டு ஓடிவந்து, அவளுடைய மா மூட்டை வைக்கிற பரணில் ஒளிந்திருக்கிறான். ஊரெல்லாம் தேடுகிறார்கள். எங்கள் ஊரில் இந்தக் கதைக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. பரணில் ஆளை வைத்துக்கொண்டு கீழே ஆமிக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவர்கள் இந்தத் தெருவிலேயே இருக்கிறார்கள். நாங்கள் மூன்று பேரும், வேலிக்கு இந்தப்பக்கம் இருந்த என்னையும் சேர்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம்.

அந்தப் பின்னேரம் டினேஸ் வந்தது கொஞ்சம் பிந்தித்தான். கதிரையில் குந்தும்போது ஒரு முனகல் கேட்டது. உடனே கதை கேட்கவில்லை. வேறொன்று கேட்டான்.

“மச்சான், உனக்கு அண்டைக்கு முதலிலை எங்கை உளைஞ்சது? முழங்காலோ, தோள்மூட்டோ?”

குசினிக்குள் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது.

“உதை விடு. அவள் நிக்கிறாள்” என்றான் சுபாஸ், குரலைத் தணித்து.

“இல்லை, சும்மாதான் கேட்டனான்.”

“சும்மா எண்டால் பிறகு கேள். நேத்து எதிலை விட்டனான், ஞாபகமோ?”

கதிரை ஒருக்கால் கிறீச்சிட்டது. பிறகு டினேஸ், “பேக்கரிக்குள்ளை ஆமி வந்திட்டான். அதோடை விட்டனீ” என்றான்.

தேங்காய் துருவுகிற சத்தம் திரும்பத் தொடங்கியது. சுபாஸ் சொன்னான். சோதிக்க வந்த பட்டாளத்துக்குப் பசி. சூட்டுப் பாணைக் கண்டதும் துவக்கைச் சுவரில் சாத்திவிட்டு நின்ற நிலையில் தின்கிறார்கள். அவர்களுக்குப் பெரியவன் வந்து நிற்பது சரியாகப் பரணுக்குக் கீழே. மேலே இருப்பவனுக்குக் கால் மரத்துப்போகிறது. மெல்ல நீட்டுகிறான். மூட்டை அசைந்து, பலகை இடுக்கால் மா கொட்டுகிறது. பெரியவனின் தொப்பியில் விழுகிறது, மீசையில் விழுகிறது. அவன் அண்ணாந்து பார்க்காமல் விதவையைப் பார்த்து, உங்கள் கூரையும் ஒழுகுகிறதா என்று கேட்கிறான். அவள் ஓமென்று சொல்லி, மீசையைத் துடைக்கத் தன் இடுப்பில் கட்டியிருந்த துணியை நீட்டுகிறாள்.

அதோடு சுபாஸ் நிறுத்திவிட்டான். டினேஸ் விழுந்து விழுந்து சிரித்தான். இப்படி அவன் சிரித்து நான் கேட்டதில்லை. ஸ்ரெல்லாவும் சிரித்தாள். நானும் இங்கே உரலைப் பிடித்தபடி சிரித்தேன்.

“நாளைக்கு நான் வாறவரைக்கும் அவனைப் பிடிபட விடாதை, என்ன?” என்று சொல்லிக்கொண்டு டினேஸ் போனான்.

அடுத்தநாள் மத்தியானம் நான் மா அரித்துக்கொண்டிருக்கும்போது கரைப்பக்கம் ஆட்கள் ஓடினார்கள். ஜெரிசன் என்கிற பெடியன் ஓட்டோவை எடுத்துக்கொண்டு பறந்தான். டினேஸை மேலே எடுத்தபோது வாயாலும் மூக்காலும் நுரை வந்ததாம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேர முன்னமே முடிந்துவிட்டது.

பிரேதம் வீட்டுக்கு வந்தபின் படகுக்காரர் சொன்னதை எல்லோரும் கேட்டோம். முதல்நாளே அவனுக்கு முழங்கால் உளைவு. விடியவும் உளைந்தது. திரும்ப ஒருக்கால் அடியில் போய்க் கொஞ்சநேரம் கிடந்தால் நோவு எடுபட்டுவிடும் என்று சொல்லித்தான் இறங்கினானாம். அது இங்கே எல்லோரும் செய்கிற வைத்தியம். கால் உளைந்தால், தோள் குத்தினால், திரும்ப இறங்குவார்கள். அடியில் போனதும் நோ பறந்துவிடும். சுகம் என்று நம்பிக்கொண்டு வேலையும் செய்துவிட்டு வருவார்கள். கனபேர் தப்பியும் வந்திருக்கிறார்கள். அதனால்தான் அந்த வைத்தியம் இன்னும் இருக்கிறது.

பிரேதம் கோயிலுக்குப் போகும்போது நான்கு பெடியள் சுபாஸைக் கதிரையோடு தூக்கிவந்து படலையில் வைத்தார்கள். பெட்டியைக் கொஞ்சம் இறக்கிக் காட்டினார்கள். அவன் பெட்டியில் கையை வைக்கவில்லை. கதிரையில் தொங்கிக் கிடந்த தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். துக்கமணி கேட்டுக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு அவன் புத்தகம் தொடவில்லை. அடக்கம் முடிந்து இரண்டு மூன்று நாளில் ஸ்ரெல்லா வந்து என் அடுப்படியில் அதே இடத்தில் இருந்தாள். இந்தத் தரம் அழவில்லை. அவன் சொன்னதைச் சொன்னாள். சுபாஸ் சடாரென்று மேலே வந்து அடிபட்டவன் இல்லை. அவனுக்கும் முதல்நாள் முழங்கால் உளைந்திருக்கிறது. அவனும் எடுபடுமென்று திரும்ப இறங்கினவன்தான். அந்த இரண்டாவது இறக்கம்தான் அடித்தது. ஆஸ்பத்திரியில் டாக்குத்தர் அதைத் தெளிவாகச் சொல்லியும் இருக்கிறார். தன் புத்திகெட்ட வேலை என்ற வெட்கத்தில் அவன் முதலில் ஒருவருக்கும் சொல்லவில்லை. பிறகு சொல்லியிருப்பான், ஆனால் பிறகு அந்த வீட்டில் கடல் கதைக்க முடியாது.

“நான்தானே அக்கா வாயைக் கட்டினனான்” என்றாள். இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் சட்டம் போட்டிராவிட்டால் அந்த எலிமருந்து ஒருநாள் வந்தே இருக்கும். இரண்டும் உண்மையாக இருக்கும்போது எதைச் சொல்வது? அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து அடுத்த கிழமை றொசாந்தி வந்தாள். நான் சுபாஸ் வீட்டில் இடியப்பம் கொடுக்கப் போய் நின்ற நேரம். கறுப்புச் சட்டை, தோளெலும்பு தெரிய மெலிந்திருந்தாள். டினேஸ் வைத்திருந்த மெல்லிய புத்தகத்தை ஸ்ரெல்லாவிடம் கொடுத்தாள். பிந்திவிட்டது, நூலகத்தில் ஏசுவார்களோ என்று கேட்டாள். ஸ்ரெல்லா இல்லையென்று தலையை ஆட்டினாள். றொசாந்தி திரும்பாமல் நேரே அறைக்குள் போய் அந்தக் கதிரையில் குந்தினாள். சுபாஸ், தான் எழும்ப முடியாதவன் என்பதை மறந்து எழும்பப் பார்த்தான்.

“அண்ணை, உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும்.”

“கேள் பிள்ளை.”

“முதல்நாள் பின்னேரம் இஞ்சை வரேக்கை அவர் சொல்லிப்போட்டுத்தான் வந்தவர். கால் உளையுது, சுபாஸுக்கு உது வந்ததுதானே, அவனைக் கேட்டுப்போட்டு வாறன், அவன் இறங்கவேண்டாம் எண்டால் நாளைக்கு நான் போகேல்லை எண்டு. கேட்டவரோ?”

சுபாஸ் என்னைப் பார்த்தான், ஸ்ரெல்லாவைப் பார்த்தான். இல்லையென்று ஒரு சொல் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். நாங்கள் இருவரும் வாய் திறந்திருக்கமாட்டோம். அவன் அப்படிச் சொல்லவேண்டுமென்று நான் மனதுக்குள் மாதாவை மன்றாடினேன்.

“கேட்டவன்” என்றான்.

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“நான்தான் பிள்ளை, இந்த வீட்டிலை கடல் கதைக்கக்குடாதெண்டு...” என்று தொடங்கிய ஸ்ரெல்லா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். றொசாந்தி அவள் பக்கம் திரும்பவில்லை.

“ஒண்டும் சொல்லேல்லை” என்றான் சுபாஸ். “நான் வாசிச்ச கதையைச் சொல்லிக்கொண்டிருந்தன்.”

“என்ன கதை?”

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினான்.

“சொல்லுங்கோ அண்ணை. அவருக்குச் சொன்னதை எனக்குச் சொல்லுங்கோ.”

அவன் சொன்னான். பனியையும் பேக்கரியையும் பரணையும் சொன்னான். இழுப்புமில்லை, பகிடியுமில்லை. மருந்துச்சீட்டை வாசிக்கிற மாதிரிச் சொன்னான். பட்டாளத்தார் பாண் தின்றதையும், மா கொட்டியதையும், அவள் துணியை நீட்டியதையும் சொல்லி நிறுத்தினான். றொசாந்தி ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை, அழவுமில்லை. கணக்குப் பாடம் கேட்கிற பிள்ளை மாதிரிக் கவனமாகக் கேட்டாள்.

“இதுக்கோ சிரிச்சவர்?” என்றாள்.

“ஓம். கனநேரம் சிரிச்சவன்.”

அவள் மடியில் இருந்த கைலேஞ்சியை நான்காக மடித்தாள். திரும்ப விரித்தாள்.

“அண்டைக்கு எங்கடை படலையைத் திறந்துகொண்டு வரேக்கையும் சிரிச்சுக்கொண்டுதான் வந்தவர்” என்றாள். “என்னவாம் எண்டு கேட்டன். சிரிப்பிலை அவருக்குச் சொல்ல வரேல்லை. நான் நினைச்சன் அண்ணை, நீங்கள் பயப்பிட ஒண்டுமில்லை, போ எண்டு சொல்லிவிட்டிட்டியள் எண்டு. அதுதான் விடியப் போகேக்கை நான் மறிக்கேல்லை.”